அறுபத்து நாலில் இல்லாத கேள்வி

லிப்ட்காரருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வரி. சர்க்கரை திடீரென்று இறங்கும்போது மனிதன் பேசுகிற பேச்சு அவன் பேச்சே அல்ல என்று ஒரு காகிதத்தில் எழுதி, படித்தவர் யாராவது கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரிக்காக அவர் எத்தனை மாடி ஏறினார், எத்தனை பேர் முன்னால் மானம் போக நின்றார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன வந்தது.

அவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, வயிற்றில் இன்சுலின் ஊசியைக் குத்திக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்த நேரம் பார்த்துப் போன் வந்தது. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், ஆறாவது மாடிக்கும் ஏழாவதுக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டது, உள்ளே இரண்டு பேர். தட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு ஓடினார். ஊசி போட்டால் சாப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல, பத்து வருஷப் பழக்கம். ஆனால் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கும்போது தன் வயிற்றை யார் நினைப்பார்கள்? ஆட்களை வெளியே எடுத்துவிட்டு வீடு திரும்பியவர் சமையலறை வாசலில் சரிந்து விழுந்தார். அதற்கப்புறம் தெளிந்து பார்த்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மனைவி சர்க்கரைத் தண்ணீர் டம்ளரோடு தரையில் உட்கார்ந்திருந்தாள், அழுதிருந்தாள். நடுவில் அவர் என்னவோ பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்பது மட்டும் சுத்தமாக நினைவில்லை.

கேட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். ஒன்றும் சொல்லாத மனிதனின் மனைவி தலையணையை எடுத்துக்கொண்டு போய் முன்னறையில் படுப்பாளா? ஊசி போட்டாச்சா, சாப்பாடு மேசையில் இருக்கு, இந்த இரண்டைத் தவிர மூன்றாவது வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை. பஸ் முன்பதிவு கவுண்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள், நாளெல்லாம் பேசியே பிழைக்கிறவள். அப்படிப்பட்டவள் வாயை மூடினால் வீடு என்ன கதியாகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன வாரம் மூன்றாவது வார்த்தையும் வந்தது. தன் அக்கா இருக்கிற ஊருக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாகவும், மாதக் கடைசியில் உத்தரவு வந்துவிடும் என்றும் சொன்னாள். 'நம்ம' என்ற சொல்லே அந்தப் பேச்சில் இல்லை.

டாக்டரிடம் ஓடினார். அவருக்கு ஓர் ஆளுக்கு நாலு நிமிஷம். மூன்றரை நிமிஷம் கணினியைப் பார்த்துவிட்டு, இந்த மாதிரிக் குடும்ப விஷயமெல்லாம் ஆதரவு மையத்தில் கேட்கணும், அதுக்குத்தானே அவங்களை வெச்சிருக்கு என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சர்க்கரை நோயாளர் ஆதரவு மற்றும் தகவல் சேவை மையம் நாலாவது மாடியில் இருந்தது. லிப்ட் ஓடவில்லை. கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். லிப்ட்காரர் கதவின் ஓரத்தில் காதை வைத்துக் கேட்டார். கதவு சரியாக மூடாததுதான் கோளாறு, பத்து நிமிஷ வேலை. காவலாளியிடம் நான் வேண்டுமானால் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, நீங்க சேவை வாங்க வந்தவரா, சேவை செய்ய வந்தவரா, ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும் என்று பதில் வந்தது. வாங்க வந்தவர் ஏறினார்.

மேலே போனதும் அவருக்கு ஒரு பட்டை கொடுத்தார்கள். 'இனியவர் 212' என்று எழுதியிருந்தது. வாசல் பலகையில் இருக்கிற நோயாளர் என்ற சொல் உள்ளே தடை. அது மனத்தைப் புண்படுத்தும் என்று ஒரு குழு கண்டுபிடித்திருக்கிறது. சரியாகப் பத்து மணிக்கு ஓர் அம்மாள் மைக்கோடு வந்து எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னாள். கால் கட்டுக்காரர்களும் எழுந்தார்கள். வலது கையை உயர்த்தி, 'எனக்குச் சர்க்கரை இருக்கிறது, அதில் எனக்கு வெட்கமில்லை' என்று மூன்று தடவை உறுதிமொழி சொல்ல வேண்டும். முதல் தடவை சொன்னது அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை, இரண்டாவது தடவை உணர்ச்சி போதவில்லை. ஆக ஐந்து தடவை ஆயிற்று. லிப்ட்காரர் வாயை மட்டும் அசைத்தார். அவருக்கு வெட்கம் சர்க்கரையால் வந்ததல்லவே. அவள் பக்கத்தில் வந்து நின்று, இருநூத்திப் பன்னிரண்டு மட்டும் தனியா ஒரு தடவை சொல்லட்டும் என்றாள். தனக்கு வெட்கமில்லை என்று அறுபது பேர் பார்க்க உரக்கச் சொல்லும்போது அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது.

பதினொன்றரை மணிக்குக் கேள்வி அலுவலரின் ஜன்னலுக்கு அழைப்பு வந்தது. கேள்வி அலுவலர் இளைஞர், சட்டைப் பையில் மூன்று பேனா. லிப்ட்காரர் குனிந்து, ஜன்னல் ஓட்டைக்குள் முகத்தை நுழைத்து, பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி தன் சமாச்சாரத்தைச் சொன்னார். அலுவலர் அவர் முன்னால் ஒரு பட்டியலைத் தள்ளினார். மொத்தம் அறுபத்து நாலு கேள்விகள். நீரிழிவு என்றால் என்ன என்பதில் ஆரம்பித்து, மையம் எத்தனை மணிக்கு மூடும் என்பதில் முடிகிறது.

"இதுல உங்க கேள்வி எது?"

"இதுல இல்லையே சார்."

"இல்லாத கேள்விய எப்படிக் கேப்பீங்க?" என்றார் அலுவலர். கோபமே இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. "பதில் இருக்கற கேள்வியத்தான் நாங்க போட்டிருக்கோம். கிட்டத்துல இருக்கறத எடுத்துக்குங்க."

கிட்டத்தில் இருந்தது இருபத்திரண்டாவது: கோபம் வந்தால் என்ன செய்யலாம்? பதில்: பத்து வரை எண்ணவும். நினைவே இல்லாத நேரத்தில் எப்படி எண்ணுவது என்று லிப்ட்காரர் கேட்டார். நினைவு இல்லை என்றால் அது முப்பத்தொன்று, ஞாபக மறதி, அதற்கு வேறு டோக்கன் எடுக்க வேண்டும் என்று சொல்லி, ஆதரவு பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார் அலுவலர். அந்தத் தாளில் திருப்தி என்ற இடத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: ஆம், மிகவும் ஆம். லிப்ட்காரர் ஆம் போட்டார். சண்டை போடத் தெரிந்தவராக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீட்டில் தலையணை முன்னறையிலேயே இருந்தது. அதனால் அடுத்த வாரம் மறுபடியும் ஏறினார், இந்தத் தடவை இயக்குநரைப் பார்க்க. இயக்குநர் அறையில் குளிர்சாதனம், பெரிய மேசை, சுவர் முழுக்கப் பாராட்டுப் பத்திரம். நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். உட்கார வைத்துப் பேச்சைத் தொடங்கினார்.

"நான் பொறுப்பெடுத்தப்ப இங்க வர்ற கேள்வியில பாதிக்குப் பதில் கிடையாது. ஜனங்க கண்டதையும் கேப்பாங்க. பயமா இருக்கு, தூக்கம் வரல, வீட்டுல யாரும் பேச மாட்டேங்கறாங்க, இப்படி. என் ஆளுங்க திண்டாடிப் போனாங்க. எங்க தப்புன்னு ஆராய்ஞ்சேன். தப்பு பதில்ல இல்ல, கேள்வியில இருந்தது. கேள்விய ஒழுங்குபடுத்தினேன். ஆறு வருஷமா பதில் தெரியாத கேள்வி ஒண்ணுகூட இந்த ஜன்னலத் தாண்டி உள்ள வந்ததில்ல. நாங்க வர விடல." இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

ஆனாலும் தான் கதவைச் சாத்துகிற ஆள் இல்லை என்றார். புதுக் கேள்வியைச் சேர்க்க வழி இருக்கிறது. கேட்பவர் அதைப் பகிர்வு வட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். இதே கேள்வி எனக்கும் உண்டு என்று ஐந்து பேர் கை தூக்கினால் கேள்வி பதிவாகும். பிறகு சம்பவத்தை நேரில் பார்த்த சாட்சியை அழைத்து வந்து சரிபார்க்க வேண்டும். சாட்சி இல்லாவிட்டால், சர்க்கரை இறங்கிய நிலையிலேயே மையத்துக்கு வந்து பேசிக் காட்டலாம், அலுவலர் குறித்துக்கொள்வார். ஆனால் அலுவலக நேரத்துக்குள் இறங்க வேண்டும்.

பகிர்வு வட்டம் என்பது வட்டமாகப் போட்ட இருபது நாற்காலி. நடுவில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு மணி, மணிக்குப் பக்கத்தில் உறுதிமொழி அம்மாள். லிப்ட்காரரின் முறை வந்தது. எழுந்தார். பேன்ட் மடிப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டார். எத்தனையோ பேரை மாடிக்கு நடுவில் தொங்குகிற பெட்டிக்குள்ளிருந்து இழுத்துப் போட்ட கை நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டது.

"எனக்குச் சர்க்கரை இறங்கினப்ப வீட்டுக்காரிய என்னவோ சொல்லிட்டேன். என்னன்னு தெரியல. அன்னையிலருந்து அவ என்கூடப் பேசல. அது நான் பேசினதா, சர்க்கரை பேசினதா? அதான் கேள்வி."

இந்த இடத்தில் பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அப்புறம் எதிர் நாற்காலியிலிருந்த கிழவர் ஒருவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கையை மெல்லத் தூக்கினார். என் மகனை அடிச்சிருக்கேன், முப்பது வயசுப் பையன், பேரன் பாத்துட்டு நின்னான் என்றார். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி கை தூக்கினாள். மருமகளைத் திருடி என்று சொன்னதாகவும், அந்தப் பெண் இப்போதெல்லாம் சமையலறைக்குள் நுழையும்போது கைப்பையை வெளியே வைத்துவிட்டு வருகிறாள் என்றும் சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள். பின்னால் இன்னொரு கை, இன்னொன்று, இன்னொன்று. ஆறாவது ஆள், கண்ணாடி போட்ட சின்ன வயதுக்காரன், எங்கம்மாவ நான் என்று ஆரம்பித்தான்.

மணி அடித்தது.

"அஞ்சு கை போதும்," என்றாள் உறுதிமொழி அம்மாள். "மத்தவங்க கைய இறக்கிடுங்க. அடுத்த கேள்வி பாத வெடிப்பு."

கண்ணாடிக்காரன் கையை இறக்கினான். அவன் அம்மாவை என்ன செய்தான் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத வெடிப்பைக் குறித்துக்கொள்ள நோட்டைத் திறந்தாள்.

இனிச் சாட்சி. சாட்சி ஒருத்திதான், அவளிடம்தான் பேச முடியாது. இரண்டு நாள் லிப்ட்காரர் வாயைத் திறக்கிறதும் மூடுகிறதுமாக அலைந்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கையெழுத்துப் போட நீ வரணும் என்று கேட்டபோது, அடி வாங்கின ஆளையே கூப்பிட்டு, அடித்தது எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி அவருக்கே அசிங்கமாக இருந்தது. அவள் பாத்திரத்தை மூடிவைத்தாள். அப்புறம், வியாழக்கிழமை அரை நாள் லீவு போடறேன் என்றாள்.

வியாழக்கிழமை நாலு மாடியையும் பேசாமல் ஏறினார்கள். கேள்வி அலுவலர் ஜன்னலில் புதிதாக ஒரு மைக் வைத்திருந்தார். வெளிப்படைத் தன்மைக்காக வாக்குமூலங்கள் கூடத்துக்கே கேட்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருந்ததாம். கவுண்டருக்கு அந்தப் பக்கமே இருபது வருஷம் இருந்தவள் இந்தப் பக்கம் நின்றாள். மைக்கை அணையுங்கள் என்று தணிந்த குரலில் கேட்டாள். அணைத்தால் பதிவாகாது அம்மா என்றார் அவர். அவருடைய மேலாளருக்கும் அதே பதில்தான் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். கவுண்டர்க்காரிக்கு இன்னொரு கவுண்டரைத் தெரியாதா?

"அவர் சொன்னத அப்படியே சொல்லுங்க. கூட்டாம, குறைக்காம."

அவள் லிப்ட்காரரைப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் சர்க்கரைத் தண்ணிய வாயில ஊத்தினேன். என் கையத் தட்டிவிட்டார். 'ஒரு புள்ளை பெத்திருந்தா இந்தத் தண்ணிய அது குடுத்திருக்கும். உன் கையால குடிச்சு நான் பொழைக்கணுமா'ன்னார்."

கூடத்தின் நாலு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கியில் அது கேட்டது. அறுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பதினெட்டு வருஷத்தில் இந்தப் பேச்சை எடுத்த சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பியவர் லிப்ட்காரர். சொந்தத் தங்கையிடமே ஒரு வருஷம் பேசாமல் இருந்தவர். ஊரெல்லாம் இப்படி ஒரு புருஷன் கிடைக்கணுமே என்று சொல்லும். அந்தப் புருஷன் மையத்தின் தரையில் கால் வைத்திருந்த சதுரக் கல்லைப் பார்த்தபடி நின்றார்.

அலுவலர் தட்டச்சு செய்து முடித்து, சரிதானா என்று மைக்கில் ஒரு தடவை வாசித்தார். வாசித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"உங்களுக்குக் குழந்தைங்க எத்தனை?"

"இல்ல."

"அப்போ அவர் சொன்ன தகவல் சரியாத்தானே இருக்கு? தகவல் சரியா இருந்தா மூளை தெளிவா இருந்ததா எடுத்துக்கணுமே. தப்பான தகவலா இருந்தா சுலபம்." கொஞ்ச நேரம் கையேட்டைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "இருங்க, ஒரு வழி இருக்கு. இதுக்கு முன்னாடி எப்பவாவது, சர்க்கரை சரியா இருந்தப்ப, இதைச் சொல்லியிருக்காரா?"

"இல்ல," என்றாள் அவள். "ஒரு தடவைகூட இல்ல."

"அப்ப சர்க்கரைதான்." டப்பென்று ஒரு கட்டத்தில் குறி போட்டார்.

லிப்ட்காரர் ஜன்னலுக்குக் குனிந்தார். தொண்டையைச் செருமினார். "சார், சொன்னதில்ல. ஆனா மனசுக்குள்ள எப்பவாவது..."

"நினைச்சதுக்குக் கட்டம் இல்ல சார்," என்று சொல்லிவிட்டு அலுவலர் அச்சு இயந்திரத்தைத் தட்டினார்.

காகிதம் வந்தது. நல்ல தடித்த காகிதம். மேற்படி இனியவர் மேற்படி தேதியில் பேசிய பேச்சு முழுக்க முழுக்கச் சர்க்கரையால் பேசப்பட்டது என்றும், அதில் மேற்படி இனியவருக்கு எந்தப் பங்கும் இல்லை என்றும் அச்சடித்து, இயக்குநர் கையெழுத்து, வட்ட முத்திரை, கீழே அறுபத்தைந்தாவது கேள்வியை மையத்துக்கு நல்கியமைக்கு நன்றி. இயக்குநரே வெளியே வந்து கை குலுக்கினார். ஒரு குடும்பத்துக்கே விளக்கேற்றி வைத்துவிட்டதாக அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

படியில் இறங்கும்போது மனைவி காகிதத்தைப் படித்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது மாடியில் ஒரு தடவை, இரண்டாவது மாடியில் ஒரு தடவை. அங்கே நின்றாள். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அவர் விழுந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு என்னங்க தெரியும்? நெசமாத்தான் சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன். நாளைக்கே மாறுதல் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு மாடி இறங்கினால் தலையணை படுக்கையறைக்கு வந்துவிடும். அவரும் இறங்கத்தான் பார்த்தார். ஆனால் அவள் முகத்தில் அந்த நிம்மதியைப் பார்க்கப் பார்க்க, அடுத்த படியில் வைத்த காலை அவர் திரும்ப எடுத்துக்கொண்டார். சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சர்க்கரை கச்சிதமாக இருந்தது. சர்க்கரைமேல் பழி போட அப்போது வழியே இல்லை.

"நினைச்சிருக்கேன்," என்றார். "பல தடவை. யாராவது புள்ளையத் தூக்கிட்டு லிப்ட்ல ஏறறப்ப எல்லாம் நினைச்சிருக்கேன். அந்தக் காகிதம் பொய்."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள். ஏறிக்கொண்டிருந்த கால் கட்டுக்காரர் ஒருவர் ஒதுங்கி, சுவரோரமாக ஏறிப் போனார்.

"தெரியும்," என்றாள் கடைசியில். "பதினெட்டு வருஷமா ஒரு தடவைகூடப் பேச்செடுக்காத மனுஷன் நினைக்காம இருப்பானா? நானும்தான் நினைச்சிருக்கேன், உங்களப் பத்தி. எனக்கு எறங்கறதுக்குச் சர்க்கரை இல்ல, அதனால வெளிய வரல."

என்ன நினைச்சே என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள்.

"புள்ளைக்காகப் பாத்த டாக்டர் அப்ப ரெண்டு பேரும் டெஸ்ட் எடுக்கணும்னாங்க. நான் எடுத்தேன். எங்கிட்ட ஒரு குறையும் இல்லன்னாங்க. உங்களுக்கு மூணு தடவை தேதி வாங்கினேன். மூணு தடவையும் லிப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுன்னு போனீங்க. மூணு தடவையும் மாட்டிக்கிச்சா?"

"இல்ல."

"எங்க போனீங்க?"

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன். எதிர்ப்பக்கம் நின்னுட்டுத் திரும்பிட்டேன்." அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. "குறை என் பக்கம்னு வந்துட்டா என்ன பண்றதுன்னு பயம்."

அவள் கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்து, அவர் கையில் வைத்தாள்.

"உங்க பக்கம்னு வந்திருந்தா மட்டும், அன்னைக்கு நீங்க விழுந்தப்ப, நான் தண்ணி குடுக்காம இருந்திருப்பேனா?"

லிப்ட்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்னால் இறங்கினாள். அரை நாள் லீவை முழு நாளாக்கினாள், மறுநாள் மாறுதல் வேண்டாமென்று எழுதியும் கொடுத்தாள். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவருக்குத்தான் இன்னும் ரொம்ப நாள் பிடித்தது.